மகனைத் தேடிப் பார்த்த பல்கலைக்கழகம்

1

போன சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு நான் ரயிலை விட்டு இறங்கினேன். என் மகன் நடைமேடையில் இல்லை. அந்த நிமிடத்தில் தொடங்கியதுதான் எல்லாம். இதை எழுதும்போதுகூட அந்தப் பயம் விட்டபாடில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பட்ட பயத்தை ஒரு தட்டிலும் கண்ட அதிசயத்தை இன்னொரு தட்டிலும் வைத்தால் அதிசயத் தட்டுதான் தாழ்கிறது!

திருப்பூரிலிருந்து உறவுக்காரர்களும் பழைய அக்கம்பக்கத்தாரும் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "உங்க பையன் அங்க யுனிவர்சிட்டியில படிக்கறானாமுங்க. எங்க பையனையும் தாட்டி விடலாமுங்களா? அந்த எடமெல்லாம் எப்படீங்க?" இதுவரை நான் மகன் சொன்னதைக் கேட்டுத்தான் பதில் எழுதி வந்தேன். இப்போது என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பெற்ற பிள்ளையைக் காணோம் என்று ஓர் இடத்தை அலசுகிறவளைவிட நன்றாக அதைப் பார்க்க யாரால் முடியும்?

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதவேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டான். அவன் அங்கே இன்னும் தலைநிமிர்ந்து நடக்கவேண்டுமாம்.

நாங்கள் இருப்பது லெஸ்டர் நகரத்தில். நம் ஊரைப்போலவே பின்னலாடைக்குப் பேர்போன ஊர். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். இங்கே ஒரு கம்பெனியின் சாயப் பிரிவில் வேலை. அவர் முன்னால் வந்தார். நானும் மகன் சிவகுமாரும் சில வருடம் கழித்து வந்தோம். சிவகுமார் இங்கேயே பள்ளியை முடித்து, போன அக்டோபரில் வடக்கே கம்பளி ஆலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் துணித்தொழில் படிக்கச் சேர்ந்தான். ஞாயிறுதோறும் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசுவான். காசு தீர்ந்ததும் பாதி வாக்கியத்தில் அறுந்துபோவான். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். சாப்பிட்டாயா என்று கேட்டால் "யெஸ்மா" என்கிறான். என்ன சாப்பிட்டான் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

துறைகளையெல்லாம் ஊர்மக்களுக்குத் திறந்து காட்டும் நாள் ஒன்று வருகிறது, அதற்கு நான் வரவேண்டும் என்று அவனேதான் கூப்பிட்டான். வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ஓவர்டைம். எனவே நான் தனியாகக் கிளம்பினேன். இந்த நாட்டில் தனியாக ரயில் ஏறுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

"பயமா இருந்தா போவாத புள்ள," என்றார் வீட்டுக்காரர்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம் ஏன் டிக்கெட்டு இருக்குதா இருக்குதான்னு பையத் தடவிக்கிட்டே இருக்கற?"

2

ரயிலடியில் ஒரு மணி நேரம் நின்றேன். தலையில் கம்பளித் துணி, கணுக்கால்வரை கோட்டு, கையில் ஒரு டப்பா நிறைய வீட்டில் சுட்ட கச்சாயம். வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்து நிற்க எனக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்து காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகுமாரின் நடை எனக்குத் தெரியும். அந்த நடை வரவில்லை.

நிற்க நிற்க ஒரு பழைய கதை மனதில் வந்து உட்கார்ந்தது. திருப்பூரில் எங்கள் வீதியில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் இருந்தார். அவர் மகன் தினமும் காலையில் தூக்குப்போசியோடு கோயம்புத்தூர் ரயிலேறிக் கல்லூரிக்குப் போவான். தீபாவளிக்கு முன் அவர் பேராசிரியர்களுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போய்விட்டார். அப்படி ஒரு பையன் எங்கள் கல்லூரியில் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் தேறாமல் பெயர் நீங்கி வெகுநாள் ஆகியிருந்ததாம். பையன் தினமும் போனது சினிமாக் கொட்டகைக்கு. அந்த மனிதர் பலகாரக் கூடையோடு திரும்பி நடந்து வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

என் கையிலும் பலகாரம் இருந்தது.

வழி கேட்டு நடந்தேன். மேட்டில் ஏறியதும் ஒரு பெரிய வெள்ளைக் கோபுரம். அதுதான் பல்கலைக்கழகம். பெற்றோர்களே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது! தெரு போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே தெரு முடிந்தது, எங்கே பல்கலைக்கழகம் தொடங்கியது என்று தெரியவில்லை. பால்காரர் வண்டி உள்ளே போகிறது. கிழவர் ஒருவர் நாயோடு நடக்கிறார். படிக்கிறவனும் படிக்காதவனும் ஒரே நடைபாதையில் போகிறார்கள். பிள்ளைகளின் தலைமுடியைப் பார்த்து மட்டும் மிரண்டுவிடாதீர்கள். பழனிக்கு வேண்டிக்கொண்டு வளர்த்ததைப்போல ஆண்பிள்ளைகள் தோள்வரை முடி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் கதவைத் தள்ளித் திறந்தால், பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கோபுரத்தின் கீழே காவலர் அறை. தொப்பி போட்ட, மீசை வைத்த ஒரு பெரியவர் இருந்தார்.

"என் மகனைப் பார்க்கவேண்டும். துணித்தொழில், முதல் வருடம்."

"பெயர் என்ன அம்மா?"

"சிவகுமார்."

"அது குடும்பப் பெயரா?"

"அவனுக்கு அந்த ஒரு பெயர்தான் ஐயா."

அவர் விரலை வைத்துப் பட்டியலில் இறங்கினார். மறுபடி மேலே ஏறினார். "முதல் வருடத்தில் அப்படி யாரும் இல்லையே. இருங்கள், மற்ற வருடங்களையும் பார்க்கிறேன்." பார்த்தார். "எங்கேயும் இல்லை அம்மா."

துறைக்குத் தொலைபேசியில் கேட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எல்லோரும் இயந்திரக் கூடத்தில் இருப்பார்கள். இரண்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். ஆனால்..." என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பட்டியலில் இல்லாத பையன் அங்கே எப்படி இருப்பான் என்று அவர் சொல்லாமலே எனக்குக் கேட்டது.

"வேறு பல்கலைக்கழகமாக இருக்குமோ?" என்றார்.

"இல்லை ஐயா, இந்தக் கோபுரத்தின் படம் போட்ட அட்டையில்தான் அவன் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினான்."

கோபுரத்தின் படத்தை ரயிலடிக் கடையிலேயே விற்கிறார்கள் என்பது அந்த நேரத்தில்தானா என் நினைவுக்கு வரவேண்டும்!

3

விடுதியில் கேட்கலாம் என்று கிளம்பினேன். நூலகத்தின் வழியாகப் போனால் குறுக்கு வழி என்றார் காவலர். எந்த நிலைமையில் உள்ளே போனேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிலைமையிலும் நின்றுவிட்டேன்.

வட்டமான ஒரு மண்டபம். தலைக்கு மேலே கோயில் விமானத்தின் உட்புறம்போல ஒரு குடை. சுற்றிலும் புத்தகம், அதற்கு மேலே ஒரு மாடி, அங்கேயும் புத்தகம். நம் ஊர் நூலகத்தில் அலமாரிக்குப் பூட்டு உண்டு. வேண்டிய புத்தகத்தைச் சொன்னால் நூலகர் மனம்வைத்து எடுத்துத் தருவார். இங்கே பூட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஒரு பெண் ஏணியில் ஏறித் தன் கையாலேயே எடுத்து, படியிலேயே உட்கார்ந்து படிக்கிறாள். அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. என் கையிலிருந்த டப்பா கதவில் இடித்தது எனக்கே இடி விழுந்ததுபோலக் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்; மேலே படிக்கவேண்டும் என்று அழுதவள். ஒரு கணம், ஒரே கணம், மகனை மறந்துபோய், நான் இங்கே படித்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

விடுதி பத்து நிமிட நடை. உங்கள் பிள்ளைகள் வந்தால் தங்கப்போவது இப்படி ஓர் இடத்தில்தான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். முதல் வருடம் ஆளுக்கு ஓர் அறை கிடைக்கும். கட்டில், மேஜை, ஒரு ஜன்னல், காசு போட்டால் எரியும் கணப்பு. காலையிலும் இரவிலும் சாப்பாடு போடுவார்கள். கவிச்சி சாப்பிடாத பிள்ளை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எழுதினாலும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும். பையில் பருப்புப்பொடி இருக்கட்டும். அறைக்கு வந்து எழுப்பிவிட ஆள் இல்லை. வகுப்புக்குப் போனாயா என்று கேட்க ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. வாரம் ஒருமுறை இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து, எழுதியதைப் படிக்கச் சொல்லி, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார். "புத்தகத்தில் இருந்ததுங்க" என்றால் அங்கே மதிப்பு இல்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்பாராம். நெட்டுருப் போட்டே முதல் மாணவனாக வந்த என் மகன் முதல் மாதம் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தானாம்.

விடுதிக் கண்காணிப்பாளரின் மனைவி கதவைத் திறந்தார். கனிவான முகம். ஆனால் ஆண்கள் விடுதி. பெண்களுக்கு இரண்டு மணிக்கு மேல்தான் மாடிக்கு அனுமதி.

"நான் அவனுடைய தாய்," என்றேன்.

"தாய்க்கும் இரண்டு மணிதான். நான் செய்த சட்டம் இல்லை அம்மா, என் வீட்டுக்காரர் செய்தது. அவரைத் திருத்த என்னாலேயே முடியவில்லை." சொல்லிவிட்டு, எழுத்து வரிசைப்படி கடிதம் போட்டுவைக்கும் மரப்பொந்துகளில் சிவகுமாரைத் தேடினார். சிங் என்று ஒருவன் இருந்தான். ஸ்மித் நான்கு பேர். என் மகன் இல்லை.

மாதாமாதம் இந்த விடுதிக்குத்தான் நான் முறுக்குப் பொட்டலம் அனுப்புகிறேன். கட்டுவது நான், முகவரி எழுதுவது வீட்டுக்காரர். அத்தனை முறுக்கையும் யார் தின்றார்கள்?

"பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், ஓடுங்கள்," என்றார் அந்த அம்மாள். ஓடினேன். சேலையைக் கோட்டுக்குள் தூக்கிச் செருகிக்கொண்டு, மாணவர் சங்கக் கட்டடத்தைத் தாண்டி, ஏதோ போருக்கு எதிராகக் கூவிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே புகுந்து ஓடினேன். ஒரு பையன் என் கையிலும் ஒரு துண்டுத்தாளைத் திணித்தான். நானும் வாங்கிக்கொண்டேன்.

4

அலுவலகத்தில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். நரைத்த தலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. மேஜை விளக்கை அணைக்கப் போனவர் என்னைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். நீளமான இழுப்பறைகளில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ‘எஸ்’ இழுப்பறையில் சிவகுமார் இல்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்றேன்.

"அம்மா, பதற்றப்படாதீர்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுடைய பெயர்களில் இப்படி ஆவது உண்டு. அப்பாவுடைய பெயரில் பதிந்திருக்கலாம். உங்கள் கணவர் பெயர் என்ன?"

படிக்கிற பெண்கள் சிரிக்கவேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொன்னதை நம்புகிறேனா இல்லையா என்று யோசித்துப் பார்த்ததும் இல்லை. நம் ஊரில் அதற்குத் தேவையே வந்ததில்லை. தர்மாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "ஊட்டுக்காரர் பேரு?" என்றால் நாம் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்போம். அவள் நம் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வாள். அவள் முறை வரும்போது நாம் அவள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வோம். தெரியாதவளாக இருந்தால் ஜாடை காட்டுவோம். கந்தசாமி பெண்சாதி வேல் பிடிப்பதுபோலக் காட்டினால் வரிசையே சேர்ந்து "கந்தசாமீங்க!" என்று கத்தும். லெஸ்டரில் டாக்டரிடம் போனாலும் வீட்டுக்காரரோ மகனோ கூட வருவார்கள். பதிவாளர் அலுவலகத்தில் என் பக்கத்தில் குடை செருகிவைக்கும் தாங்கி ஒன்று நின்றது. அவ்வளவுதான்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் இப்போது தோன்றுகிறது. அப்போது மூளை எங்கே இருந்தது என்று தெரியவில்லை; கை மட்டும் ஊர் வழக்கப்படி ஜாடைக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பெயரில் முன்பாதி தங்கம், பின்பாதி தெய்வம். நான் என் விரலில் இருந்த தங்க மோதிரத்தைத் தொட்டுக் காட்டினேன். இந்த ஊரில் மோதிரம் இல்லாவிட்டால் கல்யாணமானவள் என்று நம்பமாட்டார்கள் என்று அவரே வாங்கிப் போட்ட மோதிரம். பிறகு இரண்டு கையையும் கூப்பி, கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணில் ஏற்கெனவே நீர் நின்றது.

அந்த அம்மாள் மெல்ல எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன். எப்போது காலமானார்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இல்லை! இல்லை! உயிரோடு இருக்கிறார்! பொன்னுசாமி! என் வீட்டுக்காரர் பொன்னுசாமி! நல்லா இருக்காருங்க, பொன்னுசாமி!"

அடுத்த அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவை சொன்னால் போதாதா? நான்கைந்து தடவை கத்தியிருப்பேன். இத்தனை வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டியதுபோல!

அந்த அம்மாள் ‘பி’ இழுப்பறையைத் திறந்தார். எடுத்த எடுப்பில் வந்தது. பொன்னுசாமி, எஸ். துணித்தொழில். முதல் வருடம். பருவத் தேர்வில் நல்ல மதிப்பெண். மூலையில் ஒட்டிய படத்தில் என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. அப்பாவுக்குத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்து, உறையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்காரர் தலையணைமேல் வைத்துவிடுவேன். நம் ஊரில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால் அது அப்பாவுக்குத்தானே வரும்! அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளையை அனுப்பும் அன்றே, அவன் இந்த நாட்டில் எந்தப் பெயரில் இருக்கப்போகிறான் என்று அவனுடைய அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

மகன் கிடைத்துவிட்டான். நான் சந்தோஷப்படவேண்டியதுதானே? உட்கார்ந்து அழுதேன்.

"இன்னும் என்ன?" என்றார் அந்த அம்மாள்.

"பெயரைச் சொல்லிவிட்டேனே. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே நான் அவரை மறக்கமாட்டேன். "அவருடைய குரலைக் கேட்டால் மனம் ஆறுமா?" என்று கேட்டு, லெஸ்டர் கம்பெனிக்குத் தொலைபேசி போட்டார். மேஸ்திரிதான் எடுத்தார். சாயத் தொட்டியில் துணி ஓடுகிறது, இப்போது ஆளைக் கூப்பிட முடியாது, செய்தி சொல்லிவிடுகிறேன் என்றாராம். உங்கள் மனைவி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுகிறார் என்று அவரிடம் சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லி வைத்தார். குரலைக் கேட்க முடியவில்லை. அது என் நெஞ்சில் ஒரு முள்ளாக நின்றது. அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு அந்த அம்மாளே என்னைத் துணித்தொழில் துறைக்கு அழைத்துப் போனார்.

5

இனிமேல்தான் நீங்கள் படிக்கவேண்டியது!

கதவைத் திறந்ததும் எனக்குத் திருப்பூர் வாசம் அடித்தது. இயந்திர எண்ணெய், பஞ்சுத் தூசி, ஆவி. வரிசையாகப் பின்னல் இயந்திரங்கள். ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கால்களுக்குச் சொந்தக்காரர் தவழ்ந்து வெளியே வந்தார்: முழங்கைவரை கறை. அவர்தான் பேராசிரியர், துறைக்கே தலைவர். பின்னாலேயே இன்னொரு தலை வந்தது. என் மகன்.

"பொன்னு! உன் அம்மா!" என்று யாரோ கூவினார்கள். கூடமே "பொன்னு, பொன்னு" என்று அவனைக் கூப்பிடுகிறது! பழக்கதோஷம், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா! எங்கீங்மா போனீங்க? காலையில ஊசி ஒடஞ்சு மிஷின் நின்னுபோச்சுங்மா, என்னால நகர முடியல. கூடப் படிக்கற டேவிட்டத்தான் ஸ்டேஷனுக்குத் தாட்டி விட்டேன். மிசஸ் பொன்னுசாமின்னு அட்டையில எழுதிப் புடிச்சுக்கிட்டு நின்னானாமா."

டேவிட் தோள்வரை முடியோடு அசடு வழிய நின்றான். நான் அவன் காலணியை அடையாளம் கண்டுகொண்டேன். ஒரு மணி நேரம் என் எதிரிலேயே நின்ற காலணி. நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோட்டுக்குள் இருந்த சேலை அவனுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் கச்சாயம் கொடுத்தேன். பேராசிரியரும் கறைக் கையாலேயே ஒன்று எடுத்தார். என்ன மாவு, எந்தச் சூட்டில் பொரிப்பது என்றெல்லாம் கேட்டார். அந்த மனிதருக்குக் கேள்வி கேட்காமல் தின்னக்கூடத் தெரியவில்லை.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. நம் கல்லூரிகளில் ஆசிரியர் என்பவர் தெரிந்ததைச் சொல்பவர். இங்கே தெரியாததைத் தேடிக்கொண்டிருப்பவரும் அவரேதான். சொல்லிக்கொடுப்பது அதற்கு நடுவில் நடக்கிறது. அரசாங்கம் பணம் தருகிறதாம், ஆனால் எதைத் தேடவேண்டும் என்று உத்தரவு போடுவதில்லையாம். மாடியில் ஓர் அறையில் ஒரு பெண் வெள்ளைப் பருத்தித் துணித் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எதற்கு என்றேன்.

"வெளுத்த துணி பெட்டியில் இருக்கும்போதே ஏன் மஞ்சளாகிறது என்று பார்க்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! திருப்பூர் காதர்பேட்டைக் கடைவீதியில் வாங்கிப்போன பனியன் பெட்டியைப் பிரித்து, மஞ்சள் தட்டியிருப்பதைப் பார்த்து, வெளியூர் வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கம்பெனிக்காரர் சலவைப்பட்டறைக்காரரைத் திட்டுவார். அவர் தண்ணீரைத் திட்டுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே ஒரு பெண் அதையே வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்! நான் அவரிடம் நம் ஊர்த் தண்ணீர் உப்பு என்பதையும், மழைக்காலத்தில் மஞ்சள் அதிகமாகத் தட்டும் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் மகன் நான் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

ஆகவே அனுப்புங்கள். இங்கே குடியிருப்பவர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அங்கிருந்து வருகிறவர்களுக்குக் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். குளிருக்கும் தனிமைக்கும் தயார்செய்து அனுப்புங்கள். திரும்பி வரும்போது உங்கள் பிள்ளை எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பான். அதற்கு நீங்கள் தயாராகுங்கள்.

நான்கு மணிக்கு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். பின்னல் இயந்திரம் மறுபடி ஓடியது. நம் பனியன் துணியைப்போலவே குழாயாகத் துணி இறங்கியது. ஊர்ப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். மகன் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பாதி மனம் அவன்மேல், பாதி மனம் லெஸ்டர் சாயத் தொட்டியில்.

அப்போது கதவருகே ஒரு சலசலப்பு. கூட்டம் விலகியது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நீலம் பாய்ந்த கைகள், பட்டன் மாறிப் போட்ட கோட்டு. என் வீட்டுக்காரர்! மேஸ்திரி என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, வேலையை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தார். மூச்சு வாங்க நின்று, மகனை ஒருமுறை பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். இருவரும் முழுசாக இருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

"ஏம்புள்ள, என்னையப் பேரு சொல்லிக் கூப்ட்டயாமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கலியாணமான நாள்ல இருந்து இன்னிக்குத்தான் கூப்ட்டிருக்கற," என்றார். "வராம இருக்க முடியுமா?"